எட்டாவது போன்

— ஏட்டி காளி, நான் ஒண்ணும் சண்டைக்கு வரல, கேட்டியா? ஓனர் போயிட்டு வான்னாரு, வந்தேன்.

— சண்டைன்னாலும் உக்காந்து போடுங்க மச்சான். ராஜபாளையத்துல இருந்து இந்த உச்சி வெயில்ல பைக்க முறுக்கிட்டு வந்திருக்கீக. அந்த ஸ்டூல இழுத்துப் போடுங்க.

— மாமா என்ன, உக்காந்தபடியே கண்ண மூடியாச்சு? மாமா! ஏ மாமா!

— கத்தாதீங்க, கேக்காது. காது மெஷின்ல பேட்டரி தீந்துபோயி ரெண்டு நாளாச்சு. தனியா வீட்டுல விட்டுட்டு வர மனசில்ல. அதான் கடைக்குக் கூட்டியாந்து உக்கார வச்சிருக்கேன்.

— அவில்தார் உக்கிரபாண்டின்னா ஒரு காலத்துல தெருவே ஒதுங்கி நிக்கும். இப்பப் பாரு, மக ரூட்டர் கடையில மூலையில கெடக்காரு.

— அது கெடக்கட்டும். ஓனர் என்ன சொல்லி விட்டாரு?

— உனக்குத் தெரியாதாக்கும்! இந்த ஸ்ரீவில்லிபுத்தூர்ல மட்டும் நாப்பது வீடு எங்க கனெக்சன் போச்சு. எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே பேச்சு. "காளீஸ்வரி பெட்டிய மாத்தி எழுதிக் குடுத்துச்சு, இனிமே உங்க தயவு வேண்டாம்"ங்காக. ஜெயபாய் டீச்சர் என்னய வாசலோட அனுப்பிட்டாக, கேட்டியா? பத்து வருசப் பழக்கம்.

— டீச்சர் வீட்டுல ஆறு மாசமா நெட்டு விட்டு விட்டு வந்துச்சு. உங்க ஆபீசுக்குப் போன் போட்டா, "பெட்டி பழசு, புதுசு வாங்குங்க"ன்னீக. பெட்டி நல்ல பெட்டி. உள்ள நீங்க போட்டு வச்சிருந்த சாஃப்ட்வேர்தான் மக்கிப்போயிருந்துச்சு. அத வழிச்செடுத்துட்டு வேற போட்டு, லைனையும் வேற ஆளுகிட்ட மாத்தி விட்டேன். இப்ப மாடி வரைக்கும் எடுக்குது.

— அந்த ஓசி சாஃப்ட்வேரு.

— ஓசிதான். உலகம் பூராம் முகம் தெரியாத ஆளுக சேந்து எழுதி, யாரு வேணாலும் எடுத்துக்கோங்கன்னு வச்சிருக்காக. உள்ள என்ன இருக்குன்னு வரி வரியாப் படிச்சுப் பாக்கலாம். தப்பு இருந்தா எவனாவது சொல்லுவான், எவனாவது திருத்துவான். உங்க கம்பெனி சாஃப்ட்வேர்ல என்ன இருக்குன்னு உங்களுக்கே தெரியுமா மச்சான்?

— எனக்கு எதுக்கு அது? லைட்டு எரிஞ்சாச் சரி.

— வீட்டுக்காரனுக்கு அது போதாதுல்ல. தன் பெட்டிக்குள்ள யாரு வந்தா, எப்ப வந்தான்னு அவனுக்குத் தெரியணும். உங்க பெட்டியில சாவி பூராம் உங்க ஆபீஸ்ல இருக்கு. குடியிருக்கிறது ஒருத்தரு, வாசச் சாவி உங்க இடுப்புல.

— அது சர்வீசுக்கு வச்சிருக்கிறது, சத்தியமா. வயசானவுக போன் போட்டா, எங்க ஆபீஸ்ல உக்காந்தபடியே சரி பண்ணிக் குடுக்கலாம்ல.

— சரியும் பண்ணலாம். வேற எதுவும் பண்ணலாம்.

— இந்தக் குத்தல் பேச்சுதான் வேண்டாங்கிறது! வார வெள்ளிக்கிழமை நமக்குப் பரிசம். எங்கம்மா சேலை எடுத்து, பூவுக்குச் சொல்லி, அம்புட்டும் முடிச்சாச்சு. நான் அங்க சீனியர் டெக்னீசியன். நான் கட்டிக்கப் போறவளே எங்களுக்கு எதிராக் கடை போட்டு ஆள இழுத்தா என் மூஞ்சிய எங்க வைக்க? ஓனர் நாலு பேரு முன்னாடி கேக்காரு, "வீட்டுக்கு வரப்போறவகிட்டப் பேச முடியாதவன், லைன்மேனுகள எப்படி மேய்ப்ப"ன்னு.

— நாலு பேரு முன்னாடி சொன்னா உங்களுக்கு ரொம்ப வலிக்கும்ல மச்சான்?

— யாருக்குத்தான் வலிக்காது? சரி, கேளு. நல்ல சேதியோடதான் வந்திருக்கேன். இந்தப் பொந்த மூடிட்டு நம்ம ஆபீஸ்ல வந்து உக்காரச் சொல்றாரு ஓனர். உன் கைவேலை அவருக்குத் தெரியும். தனி மேசை, மேல ஃபேன், யாரும் உன்ன அதட்ட முடியாது. லெட்டர் அடிச்சு எனக்கு அனுப்புறேன்னாரு. இரு, வந்துருச்சான்னு பாக்கேன். அட, டவரே காணோம்! என்ன கடை புடிச்ச நீ?

— மாடிப்படிக்கு அடியில இருக்கு, சுத்தியும் பழைய கல்லுச் சுவரு. இங்க எவருக்கும் டவர் எடுக்காது. மெயின் ரோட்டுக்குப் போனாத்தான். பொறவு பாத்துக்கிடலாம், பேசிக்கிட்டே இருங்க. நான் இந்தப் பெட்டிக்குக் கரண்டு குடுத்துக்கிடுறேன்.

— இது யாருது?

— ஒருத்தருது. எழுதி முடிச்சாச்சு. லைட்டு ஆடி அடங்கி நிலையா நிக்க ரெண்டு நிமிசம் ஆவும்.

— எங்க கம்பெனி பழைய மாடலு. இதெல்லாம் எடைக்குப் போட்ட சரக்கு காளி.

— எடைக்குப் போட்டதுலதான் நான் வேலையே கத்துக்கிட்டேன். மொத ரெண்டு பெட்டியக் கொன்னுட்டேன். புது சாஃப்ட்வேர உள்ள எழுதிக்கிட்டு இருக்கும்போது கரண்டு போயிருச்சு, பெட்டி செத்தது செத்ததுதான். மூணாவதுக்கு பைக்கு பேட்டரிய மாட்டிக்கிட்டு எழுதுனேன். அது பொழச்சுச்சு.

— ஒரு பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இம்புட்டு வைராக்கியம்?

— சொல்றேன். மொதல்ல சூர்யா எப்படி இருக்கான்னு நீங்க கேக்கவே இல்லையே.

— கேக்கத்தான் வந்தேன். எப்படி இருக்கான்?

— ஆலங்குளத்துல சுண்ணாம்புக் கல்லு லாரிக்கு எடைச் சீட்டு எழுதிக்கிட்டு இருக்கான். ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வாரான், புருவம் வரைக்கும் வெள்ளைப் பொடியா. ஓட்டம் பாஸ், பரீட்ச பாஸ், மெடிக்கல் பாஸ். பட்டாளத்துக்குப் பெட்டி கட்ட வேண்டிய புள்ள. இன்னமும் விடியும் முன்ன எந்திரிச்சு ஓடுறான் மச்சான். எதுக்குலே ஓடுறன்னா, சும்மாங்கான்.

— ம். அவன் தலையெழுத்து.

— தலையெழுத்து என்ன தலையெழுத்து! கிருஷ்ணன்கோவில் காலேஜ் பஸ்சுல போற சிவரஞ்சனிக்கு அசிங்க அசிங்கமா மெசேஜ் போச்சு. அந்தப் புள்ளையோட அப்பா ஸ்டேஷனுக்குப் போனாரு. தேடிப் பாத்தா எங்க வீட்டு லைன்ல இருந்து போயிருக்கு. எங்க வீட்டுல வயசுப் பையன் ஒருத்தன்தான். அந்த ஒரு கேசுல பட்டாளம் போச்சு, வயசும் தாண்டிப் போச்சு.

— நான்தான ஸ்டேஷனுக்குக் கூட வந்தேன்? காலையில இருந்து பொழுது சாயுற வரைக்கும் நின்னேன். அத மறந்துட்டியா?

— மறப்பனா? டீ வாங்கிக் குடுத்தீக. "ஒத்துக்கிட்டா எழுதி வாங்கிட்டு விட்டுருவாக மாப்ள"ன்னு அவன் காதுல சொன்னீக. அவனும் மச்சான் சொன்னாச் சரியா இருக்கும்னு ஒத்துக்கிட்டான்.

— நல்லதுக்குத்தான் சொன்னேன், சத்தியமா.

— அன்னிக்கு அவன் மூஞ்சில துண்ட எறிஞ்சிட்டு வந்தாரு எங்கப்பா. ரெண்டு வருசம் நாலு மாசம் ஆச்சு. ஒரு வார்த்த பேசல. மகன்னு சொல்றதில்ல, பேரச் சொல்லிக் கூப்பிடுறதில்ல. "அந்தப் பய சாப்பிட்டானா"ன்னு என்கிட்டக் கேப்பாரு. அவன் எதுத்தாப்புல தட்டோட உக்காந்து கேட்டுக்கிட்டு இருப்பான்.

— மாமா ரோசக்காரரு. அடடே, இந்தா வந்துருச்சு! அஞ்சாறு மெசேஜ் மொத்தமா வந்து விழுது. ஓனர் லெட்டர் அனுப்பிட்டாரு. இந்தா, நீயே படி.

— நல்லா வெளிச்சமாத் தெரியுதே. புதுப் போனா மச்சான்?

— சித்திரையில வாங்குனேன். இப்பல்லாம் எம்புட்டு லேசு தெரியுமா? பழைய போனப் பக்கத்துல வச்சாப் போதும். போட்டோ, நம்பரு, பழைய செட்டிங் அம்புட்டும் தானா இதுக்கு வந்துருது.

— எல்லாமேவா?

— எல்லாமே. ஒண்ணு விடல.

— நல்லது. லெட்டர் கெடக்கட்டும். எதுக்கு இம்புட்டு வைராக்கியம்னு கேட்டீகள்ல, இப்பச் சொல்றேன். எந்தம்பிய இப்படிப் பண்ணவன் எவன்னு எனக்குத் தெரியணும். தெரிஞ்சா மட்டும் போதாது. அவன் என் முன்னாடி நின்னு அழுகணும். நான் பாக்கணும். சோறு திங்கும்போதும் இதே நெனப்பு, கோயில்ல கண்ண மூடுனாலும் இதே நெனப்பு. சாமிகிட்ட நான் நல்லது எதுவும் கேக்கல. பழிதான் கேட்டேன்.

— ஏட்டி, கல்யாணம் ஆகப் போறவ பேசுற பேச்சா இது? நடந்தது நடந்துபோச்சு.

— எங்க நடந்துபோச்சு? எங்க வீட்டுக்குள்ளயே உக்காந்திருக்கு. கேளுங்க. போலீஸ் எடுத்துட்டுப் போன எங்க வீட்டுப் பெட்டிய மனுப் போட்டு மாசியில திருப்பி வாங்குனேன். எந்தப் பெட்டியையும் வழிக்கிறதுக்கு முன்னாடி உள்ள இருக்கிறத அப்படியே நகல் எடுத்து வைக்கிறது என் வழக்கம். எங்க பெட்டியையும் மூடியக் கழட்டி, வயர மாட்டி, நகல் எடுத்தேன். வக்கீல்கிட்ட ஒண்ணு குடுத்துட்டு, நான் ஒண்ண வச்சுப் படிச்சேன். மூணு நாளு, ஒவ்வொரு வரியா.

— யாரு வந்தான்னு அதுல இருக்காதே. எங்க பெட்டியில கரண்டு போனா அந்த லிஸ்டு அழிஞ்சிரும்.

— கேக்காமலே சொல்றீக. ஆமா, லிஸ்டு இல்ல. செட்டிங் அழியாதுல்ல? எங்க வைஃபைக்கு அடியில இன்னொரு வைஃபை இருந்துச்சு மச்சான். மறைச்சு வச்சது, போன்ல தேடுனாக் காட்டாது. பேரு வெறும் மூணு புள்ளி. பாஸ்வேர்டு பதினாறு எழுத்து, அர்த்தமே இல்லாத கிறுக்கல். நாங்க யாரும் வச்சதில்ல. உங்க ஆபீஸ் சாவி வச்சிருக்கவன்தான் அத உள்ள சொருகியிருக்க முடியும். சொருகிட்டு, எங்க சந்துல பைக்க நிப்பாட்டி உக்காந்துக்கிட்டு, எங்க லைன்லயே அந்த அசிங்கத்த அனுப்பியிருக்கான். கடைசி மெசேஜ் போன மறுநாளே போலீஸ் வந்து பெட்டிய எடுத்துட்டுப் போனதுல, மூணு புள்ளிய அழிக்க அவனுக்கு நேரம் கெடைக்கல.

— ஆபீஸ் சாவின்னா... எட்டுப் பேருகிட்ட இருக்கு காளி. எவன்னு சொல்லுவ?

— எட்டுப் பேரையும் நான் தேடிப் போக முடியுமா? அதான் உங்க கனெக்சனுல கைய வச்சேன். வீடு வீடாப் போனா, ஒவ்வொருத்தனா என்ன மெரட்ட இங்க வருவான்னு தெரியும். மொதல்ல சோணைமுத்து வந்தாரு. பால்ச்சாமி வந்து நயமாப் பேசிட்டுப் போனாரு. சமுத்திரம் அண்ணன் வாசல்ல நின்னு வஞ்ச வசவு தெருவுக்கே கேட்டுச்சு. ஓனரே கார்ல வந்து, நீங்க இருக்க அதே ஸ்டூல்ல உக்காந்தாரு. ஏழு பேரு வந்துட்டுப் போயாச்சு.

— வந்து?

— ஏழு பேரும் இல்ல.

— எப்படித் தெரியும் உனக்கு?

— தெரியும். உங்கள மட்டும் நான் வரவழைக்கவே இல்ல. உங்க ராஜபாளையம் ஏரியாவுல ஒரு வீட்டக்கூடத் தொடல. உங்களா இருக்கக் கூடாதுன்னு அய்யனார் கோவிலுக்கு நடந்தே வாரேன்னு வேண்டிக்கிட்டேன். இன்னிக்கு நீங்களா வந்துட்டீக.

— காளி! அய்யனார் சத்தியமாச் சொல்றேன், உங்க வீட்டு வைஃபைய நான் தொட்டதே கெடையாது. லைன் இழுத்தது சோணைமுத்து. மாமா வீட்டுக்கு நான் வந்தா சாப்பிட்டேன், போனேன், அம்புட்டுதான்.

— நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நான் இன்னொரு தடவ கேக்க மாட்டேன்.

— யோசிக்க என்ன இருக்கு? மூணு புள்ளியோ நாலு புள்ளியோ, நான் கண்ணால பாத்ததில்ல.

— சரி. அப்ப இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. இந்தக் கடையில டவர் எடுக்காது, டவரே காணோம்னு நீங்களே சொன்னீக. என் வைஃபை பாஸ்வேர்டு என்னன்னு நீங்க கேக்கல, நான் சொல்லவும் இல்ல. பொறவு எப்படி ஓனர் மெசேஜ் உங்க போனுக்கு வந்துச்சு?

— டவர் இப்ப எடுத்திருக்கும் காளி. இரு, பாக்கேன்.

— போன சட்டப்பையில போடாதீங்க. வைஃபைய அணைச்சும் பிரயோஜனமில்ல. லைட்டு நிலையா எரியுது பாருங்க, இந்தப் பெட்டி எங்க வீட்டுப் பெட்டி. புது சாஃப்ட்வேரப் போட்டு, பழைய மூணு புள்ளிய அதே கிறுக்கலோட உள்ள வச்சிருக்கேன். இந்தக் கடையில வேற வைஃபை கெடையாது. அந்தப் பதினாறு எழுத்த நான் வாயால சொன்னாலும் ஒருத்தனுக்கு மனசுல நிக்காது. அன்னிக்கு அத டைப் அடிச்சவன் போன்ல மட்டும்தான் இருக்கும். ஏழு பேரு உக்காந்தப்பவும் இதே மாதிரிக் கரண்டு குடுத்தேன். ஏழு போனும் கம்முன்னு கெடந்துச்சு.

— இது புதுப் போனு காளி! நான் சித்திரையிலதான...

— பழைய செட்டிங் அம்புட்டும் வந்துருச்சு, ஒண்ணு விடலன்னு நீதான சொன்ன?

— நீயா? மச்சான்னு கூப்பிட்ட வாயால...

— நீதான். இனி உனக்கு அதுவே ஜாஸ்தி. இங்க வா, ஸ்கிரீனப் பாரு. உங்க கம்பெனி சாஃப்ட்வேர் மறந்துரும், இந்த ஓசி சாஃப்ட்வேர் மறக்காது. வந்த நேரம், வந்த போன் பேரு, எல்லாத்தையும் பெட்டியில சொருகியிருக்க அந்தப் பென் டிரைவுல எழுதிக்கிட்டே இருக்கும். பன்னெண்டு மணி இருவத்தோரு நிமிசம். போன் பேரு என்னன்னு சத்தமாப் படி.

— "காளி மச்சான்"னு போட்டிருக்கு.

— என் பேர வச்சிருக்க. எந்தம்பி குடியக் கெடுத்துட்டு, அந்தக் கையில என் பேர வச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்க.

— மெதுவாப் பேசு, தெருவுல ஆளுக போறாக.

— போகட்டும். ஏன் பண்ண? மச்சான் மச்சான்னு உன் பின்னாடியே சுத்துன புள்ள. அவன் ஷூ வாங்க உன்னையத்தான கூட்டிட்டுப் போனான்? அந்தச் சிவரஞ்சனி உன்ன என்ன பண்ணுச்சு?

— அந்தப் புள்ள யாருன்னே எனக்குத் தெரியாது. அவுக வீட்டுக் கனெக்சன் ஃபாரத்துல நம்பர் இருந்துச்சு, அம்புட்டுதான். எனக்கு அவ மேலயும் கோவமில்ல, சூர்யா மேலயும் கோவமில்ல.

— பொறவு யாரு மேல?

— இந்தா உக்காந்திருக்காரே, உங்கப்பன். இவரு மேல! நல்லவேள, இவருக்குக் கேக்கல. நான் மூணு தடவ பட்டாளத்துக்கு ஓடுனேன் காளி. மூணு தடவையும் கடைசி ரவுண்டுல கால் பின்னிருச்சு. சூர்யா மொத தடவையே பாஸ். உங்க வீட்டுல கெடா வெட்டு, ஞாபகம் இருக்கா? சொந்தம் பூராம் பந்தியில உக்காந்திருக்கு. இவரு எந்திரிச்சு நின்னு சொன்னாரு, "எம்மகன் எல்லைக்குப் போறான், என் தங்கச்சி மகன் கரண்டுக் கம்பத்துல ஏறப் போறான்"ன்னு. அம்புட்டுப் பேரும் சிரிச்சாக. எங்கப்பாவும் சேந்து சிரிச்சாரு. நான் எலைய மடிச்சுட்டு எந்திரிச்சேன், அதுக்கும் சிரிச்சாக.

— அதுக்கா?

— அதுக்குத்தான். எந்த மகனக் காட்டி மாரத் தட்டுனாரோ, அவன மகன்னு சொல்ல இவருக்கு வாய் வரக் கூடாதுன்னு நெனச்சேன். வரல பாத்தியா? ரெண்டு வருசம் நாலு மாசம். நீ பழி பழிங்கிற. நான் அத முடிச்சே காட்டிட்டேன்.

— முடிச்சிட்டு, வெள்ளிக்கிழமை என் கைக்கு வளையல் போட வாரியாக்கும்?

— உன்னக் கட்டிக்கிட்டா எல்லாம் சரியாப் போயிரும்னு நெனச்சேன் காளி, சத்தியமா. சூர்யாவ நம்ம ஆபீஸ்லயே சேத்து விட்டுரலாம்னு... ஏட்டி, நான் அழுகுறேன், பாரு. இதான கேட்ட? பாத்துட்டல்ல? அந்தப் பென் டிரைவக் குடுத்துரு. உன் கால்ல வேணாலும் விழுறேன். உங்கப்பாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம். அவரு காதுல எதுவும் விழல, இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும்.

— விழுந்துச்சு மாப்ள, அம்புட்டும் விழுந்துச்சு. பேட்டரி நேத்தே மாத்தியாச்சு. ஆத்தா காளி, மொதல்ல அந்த ஷட்டர இறக்கு. பொறவு அந்த மூணு புள்ளி வழியாவே எம்மகனுக்குப் போனப் போட்டு எங்கிட்டக் குடு.